1972 டாட்சன் 240இசட்: முன் கேலிப்பரை டொயோட்டா நான்கு பிஸ்டனுக்கு மாற்ற எஸ்12+8 போதுமா, எஸ்12டபிள்யூ வேண்டுமா?

எல்24_மஞ்சள்:

வண்டி 1972 மாடல் 240இசட், டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கு. கோடையில் மட்டும் ஓடும். முன்னாடி ஒரிஜினல் சுமிடோமோ இரண்டு பிஸ்டன் கேலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்), நடுவில் காற்று ஓட்டை இல்லாத திட டிஸ்க். பின்னாடி டிரம். வீல் 14 இன்ச் ஸ்டீல், அதை மாற்றும் எண்ணம் இல்லை.

இப்போ இருக்கும் தொந்தரவு: பெடல் பாதி தூரம் போன பிறகுதான் பிடிக்குது. இரண்டு மூணு தடவை வேகமாக அழுத்தினால் மேலே வந்துடுது. நல்லா அழுத்திப் பிடிச்சா வண்டி லேசா வலது பக்கம் இழுக்கும். தொடர்ந்து இறக்கத்தில் ஓட்டினால் பெடல் பஞ்சு மாதிரி ஆகுது.

டொயோட்டா 4×4 பிக்கப்போட நான்கு பிஸ்டன் கேலிப்பர் இதுக்கு அப்படியே பொருந்தும் என்று எல்லா இடத்திலும் சொல்றாங்க. அதில் எஸ்12+8, எஸ்12டபிள்யூ என்று இரண்டு வகை இருக்கு. பழைய பாகம் விற்பவர் ஒருத்தர் எஸ்12டபிள்யூ வாங்கச் சொல்றார், "அகலமானது, பவர் அதிகம்" என்கிறார். கேள்விகள்:

எஸ்12+8, எஸ்12டபிள்யூ இரண்டில் எது? மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தும் பாகம்) பெரிசா மாற்றணுமா? பின் டிரம்மை அப்படியே விடலாமா? பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும், அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய புரொபோர்ஷனிங் வால்வு ஒன்று போட்டால் எல்லாம் சரியாகிடுமா?

---

மைக்ரோமீட்டர்:

முதலில் கேலிப்பரை மறந்துவிட்டு நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளைப் பாருங்கள். புது கேலிப்பர் போடுவதால் மட்டும் மூன்றும் போய்விடாது.

பெடல் பாதி வரை இறங்கி, இரண்டு மூன்று பம்ப்பில் மேலே வருகிறது என்றால் பெரும்பாலும் பின் டிரம் ஷூ (டிரம்மின் உள்பக்கம் அழுத்தும் வளைந்த கட்டை) தள்ளி நிற்கிறது. ஷூ டிரம்மைத் தொடுவதற்கே ஒரு முழு மிதி செலவாகிறது. இந்த வண்டியில் பின் ஷூ அட்ஜஸ்டர் ஹேண்ட் பிரேக் இழுக்கும்போதுதான் பல் பல்லாக நகரும். ஹேண்ட் பிரேக்கே பயன்படுத்தாமல் கியரில் போட்டு நிறுத்துபவர்களின் வண்டியில் இது அப்படியே தங்கிவிடும். ஷூ சரியாக இருந்தும் பெடல் இறங்கினால் அடுத்தது காற்று, அதற்கடுத்தது முன் ஹப் பேரிங் லூஸ். பேரிங் ஆடினால் டிஸ்க் பேட்களை உள்ளே தள்ளிவிடும், அடுத்த மிதியில் பிஸ்டன் அவ்வளவு தூரம் வெளியே வர வேண்டும்.

வலது பக்கம் இழுப்பது: இடது பக்கம் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். இடது கேலிப்பரில் ஒரு பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கலாம், அல்லது இடது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். வீங்கிய ஹோஸ் ஒருவழி வால்வு போல நடந்துகொள்ளும்: அழுத்தத்தை மெதுவாக உள்ளே விடும், திரும்ப வெளியேற விடாது. ஓட்டி வந்ததும் இரண்டு டிஸ்க்கின் சூட்டையும் அகச்சிவப்பு தெர்மாமீட்டரில் பாருங்கள். குளிர்ந்த பக்கம் பிடிக்கவில்லை. அளவுக்கு மீறிச் சுடும் பக்கம் விடவில்லை.

இறக்கத்தில் பஞ்சாவது பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4 என்றால் 230, 155. கோடை மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் வருஷக்கணக்கில் மாறாமல் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். சிலிக்கான் டாட் 5 மட்டும் வேண்டாம், மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் கேலிப்பர் மாற்ற வேண்டும் என்றால் காரணம் தெளிவாக இருக்கட்டும். இப்போதைய பிரேக்கில் உலர்ந்த ரோட்டில் முன் சக்கரத்தை லாக் செய்ய (சுற்றாமல் நிறுத்த) முடிகிறது என்றால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். நான்கு பிஸ்டன் போட்டாலும் ஒரே ஒரு தடவை நிறுத்தும் தூரம் குறையாது. கிடைப்பது வேறு: பேட் முழு நீளத்துக்கும் சீராக அழுத்தும், பேட் பரப்பு கூடும், பாகம் சுலபமாகக் கிடைக்கும்.

சூட்டைத் தாங்குவது டிஸ்க்கின் எடை, கேலிப்பர் இல்லை. ஒரு கணக்கு. ஆளோடு 1150 கிலோ, 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் சுமார் 440 கிலோஜூல். முன்பக்கம் 70 சதவீதம் என்று வைத்தால் ஒரு டிஸ்க்குக்கு 155 கிலோஜூல். 271 மி.மீ. விட்டம், 12.5 மி.மீ. தடிமன் உள்ள திட டிஸ்க்கில் பேட் உரசும் வளையம் சுமார் 3.6 கிலோ இரும்பு. அதாவது ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 90 டிகிரிக்கு மேல் ஏறும். ஆற விடாமல் நாலைந்து தடவை செய்தால் எங்கே போகும் என்று பாருங்கள். எஸ்12+8 போட்டாலும் இந்த 3.6 கிலோ அதேதான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. எஸ்12+8 திட டிஸ்க்குக்கு உரியது. எஸ்12டபிள்யூ நடுவில் காற்று போகும் தடித்த டிஸ்க்குக்கு உரியது. டபிள்யூவின் இரண்டு பாதிக்கும் நடுவில் இடைவெளி அதிகம், அதைத்தான் அவர் "அகலம்" என்கிறார், பவர் இல்லை. அதை 12.5 மி.மீ. டிஸ்க்கில் மாட்டினால் பேட் புதிதாக இருக்கும்போதே பிஸ்டன் பல மி.மீ. வெளியே நிற்கும். பேட் தேயத் தேய இன்னும் வெளியே வந்து, ஒரு கட்டத்தில் சீலைத் தாண்டிவிடும். அந்த நொடியில் முன் பிரேக் போய்விடும். டபிள்யூ வேண்டுமென்றால் 1984 நிசான் 300இசட்எக்ஸ் டிஸ்க்கையும், ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் போடும் ஸ்பேசரையும், நீளமான போல்ட்டுகளையும் சேர்த்து வாங்க வேண்டும். பாதியை வாங்கிவிட்டுப் பாதியை ஒப்பேற்றும் வேலை இதில் நடக்காது.

14 இன்ச் ஸ்டீல் வீல், கோடை ஓட்டம், ரேஸ் இல்லை: எஸ்12+8 போதும்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். கேலிப்பர் உடம்பிலேயே எஸ்12+8 என்று வார்ப்பில் இருக்கும், அதைப் பாருங்கள். பிறகு பிஸ்டன் விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் மொத்தப் பரப்புதான் கணக்கு. ஒரிஜினல் 53.98 மி.மீ. பிஸ்டனுக்கு அது 2288 சதுர மி.மீ. உதாரணத்துக்கு, கையில் இருக்கும் கேலிப்பரில் ஒரு பக்கம் 43-ம் 34-ம் இருந்தால் கூட்டி 2360, அதாவது 3 சதவீதம்தான் அதிகம். இரண்டும் 43 என்றால் 2904, கிட்டத்தட்ட 27 சதவீதம் அதிகம். முதல் கேலிப்பருக்கு மாஸ்டர் சிலிண்டரைத் தொடவே தேவையில்லை. இரண்டாவதுக்குத் தேவை. இந்த ஓர் அளவு தெரியாமல் "மாஸ்டர் பெரிசா போடணுமா" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

---

வல்லிபுரம்_கராஜ்:

மேல சொன்ன கணக்கு முழுக்கச் சரி. நான் பூட்டுற வேலையை மட்டும் எழுதுறன்.

பாவிச்ச கலிப்பர் எண்டால் பிஸ்டன்களை வெளியில எடுத்து வடிவா பாருங்கோ. குரோம் பூச்சில ஊசிமுனை அளவு துருக்குழி இருந்தாலும், சீல் ஓடுற இடத்தில எண்டால் புது பிஸ்டன் போடுங்கோ. காத்து அடிச்சு எடுக்கேக்க எதிர்ப்பக்கத்துக்கு நடுவில பலகைத்துண்டு வைச்சு, அமுக்கத்தைக் குறைச்சு வைச்சு மெல்ல மெல்ல விடுங்கோ. விரலை நடுவில வைக்கக் கூடாது, பிஸ்டன் வெளிக்கிடுற வேகத்தில எலும்பு உடையும். கலிப்பரின்ட ரெண்டு பாதியையும் இணைக்கிற போல்ட்டுகளைக் கழட்ட வேண்டாம். சீல் மாத்துறதுக்கு அது தேவையில்லை.

சீல் பூட்டேக்க பிரேக் ஒயில் இல்லாட்டி சிவப்பு ரப்பர் கிறீஸ் மட்டும் பூசுங்கோ. சாதாரண கிறீஸ், இஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய் எதுவும் படக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும். அந்தச் சதுர வெட்டு சீல்தான் பிரேக்கை விட்டவுடன பிஸ்டனை உள்ள இழுக்கிறது. ஊதின சீல் இழுக்காது, பேட் டிஸ்க்கோட ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பழைய டிஸ்க்கை மைக்றோமீற்றரில அளவுங்கோ. புதுசு 12.5 மி.மீ., 10.5-க்குக் கீழ போனால் குப்பையில போட வேணும். இந்தக் காரில டிஸ்க் ஹப்புக்குப் பின்பக்கம் நாலு போல்ட்டில பூட்டியிருக்கும், அதனால டிஸ்க் மாத்திறதெண்டால் ஹப்பையே கழட்ட வேணும். கழட்டினதுக்குப் பேரிங்கைக் கழுவி, உருளைகளைப் பார்த்து, புது கிறீசும் புது சீலும் போடுங்கோ. டிஸ்க் போல்ட் 38 முதல் 52 நியூட்டன் மீற்றர். பேரிங் நட்டை ஹப்பைச் சுத்திக்கொண்டே 25 முதல் 29 வரை இறுக்கி, பிறகு 60 பாகை திருப்பி விடுங்கோ. ஊசி ஓட்டைக்கு நேரா வராட்டி இறுக்கிற பக்கம் கொஞ்சம் சரிசெய்யலாம், ஆனா ஆட்டமும் இருக்கக்கூடாது, இறுக்கமாயும் சுத்தக்கூடாது.

டிஸ்க்கும் ஹப்பும் முட்டுற முகத்தில துருத்தூள் இருந்தால் டிஸ்க் கோணலா நிக்கும். கம்பி பிரஷ் போட்டு வெறும் இரும்பு தெரியுமட்டும் துடைச்சுப்போட்டு பூட்டுங்கோ. டயல் கேஜில விளிம்புக்குக் கிட்ட வைச்சுப் பாத்தால் ஆட்டம் 0.1 மி.மீ.-க்கு உள்ள நிக்க வேணும்.

டிஸ்க்குக்குப் பின்னால இருக்கிற தூசித் தகடு இந்தக் கலிப்பருக்கு முட்டும். சிலபேர் முழுக்க எடுத்துவிடுவினம். கலிப்பர் நிக்கிற பக்கம் மட்டும் வெட்டி, வெட்டின விளிம்புக்குப் பெயின்ற் அடிச்சு மிச்சத்தை வைச்சிருக்கலாம், கல்லும் தண்ணியும் டிஸ்க்கில படுறது குறையும்.

கலிப்பர் மாட்டுறதுக்கு முதல் போல்ட்டை வெறுங்கையால முழுப் புரியும் உள்ள ஓட்டிப் பாருங்கோ. போல்ட் அடியில முட்டி நிண்டால் ஸ்பானர் இறுகினமாதிரிக் காட்டும், உண்மையில கலிப்பர் இறுகியிராது. நீளம் கூடினால் வாஷர் தலைக்குக் கீழ, அல்லது சரியான நீளத்தில 10.9 தர போல்ட். இறுக்கம் 72 முதல் 98 நியூட்டன் மீற்றர்.

இப்ப முக்கியமானது. நாலு பிஸ்டன் கலிப்பர் ஒரே இடத்தில நிக்கிறது, டிஸ்க்கைத் தேடி நகராது. அதனால டிஸ்க் கலிப்பரின்ட நடுவில நிக்க வேணும். பேட் இல்லாமல் கலிப்பரைப் பூட்டி, டிஸ்க்குக்கும் கலிப்பர் உடம்புக்கும் உள்ள இடைவெளியை ரெண்டு பக்கமும் பீலர் கேஜில பாருங்கோ. வித்தியாசம் அரை மி.மீ.-க்கு மேல எண்டால் கலிப்பருக்கும் ஸ்ட்ரட் காதுக்கும் (சஸ்பென்ஷன் தூணில கலிப்பர் பூட்டுற இடம்) நடுவில கடினமான, தட்டையான ஷிம் வாஷர் ரெண்டு போல்ட்டிலயும் ஒரே தடிப்பில போடுங்கோ. இதை விட்டால் ஒரு பக்க பேட் மட்டும் முதல்ல தேயும், பேட் சரிவாயும் தேயும்.

இடம் வலம் மாறக்கூடாது. காத்து எடுக்கிற நிப்பிள் மேல இருக்க வேணும். கீழ இருந்தால் எத்தனை தரம் காத்து எடுத்தாலும் மேல் பிஸ்டனுக்குப் பின்னால குமிழ் நிக்கும், பெடல் இறுகவே இறுகாது.

பைப்: ஒரிஜினல் இரும்புப் பைப்பின்ட வளைவு புதுக் கலிப்பருக்கு நேரா வராது. வளைச்சு இழுத்து மாட்டாதேங்கோ, நட்டு குறுக்குப் புரியில ஏறும். புது 3/16 இஞ்சி நிக்கல்-செப்புப் பைப் வாங்கி, எம்10×1.0 நட்டும் இரட்டை மடிப்பு வாயும் போட்டுச் செய்யுங்கோ. ஐரோப்பியக் காருகளில வாற குமிழ் வாய் இதுக்குப் பிடிக்காது, ஒயில் கசியும். வெறும் செப்புப் பைப், நடுவில கம்ப்ரெஷன் ஜொயின்ற், ரெண்டும் பிரேக்குக்கு ஆகாது. ஸ்ரியரிங்கை ரெண்டு எல்லைக்கும் திருப்பி, சில்லைத் தொங்கவிட்டும் தூக்கியும், ஹோஸ் எங்கயாவது உரசுதோ, இழுபடுதோ எண்டு பாருங்கோ.

கடைசியா உங்கட 14 இஞ்சி சில்லு. ஒரு சில்லை ரயர் இல்லாமல் பூட்டிக் கையால சுத்திப் பாருங்கோ. கலிப்பருக்கும் விளிம்புக்கும் குறைஞ்சது 3 மி.மீ. வேணும், பலன்ஸ் ஈயம் உள்பக்கம் ஒட்டுறதெண்டால் இன்னும் கூட. பேட் தேய்ஞ்சாலும் கலிப்பர் உடம்பு நகராது, அதனால இண்டைக்கு இருக்கிற இடைவெளிதான் என்றைக்கும்.

---

எல்24_மஞ்சள்:

இரண்டு பேருக்கும் நன்றி. இடது ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன், ஊதினால் காற்றே போகவில்லை. நான்கு ஹோஸும் புதுசு போடறேன். எஸ்12+8 தான் என்று முடிவு பண்ணிட்டேன், எஸ்12டபிள்யூவை வேண்டாம்னு சொல்லியாச்சு.

மிச்சம் இருக்கறது: பிஸ்டன் அளந்து பார்த்து பரப்பு ரொம்பக் கூடினால் 280இசட்எக்ஸ் மாஸ்டர் சிலிண்டர் போடலாமா? பின் டிரம் பக்கம் என்ன செய்யணும்? வால்வைப் பற்றி யாருமே சொல்லலையே.

---

ஆல்பின்_டிரம்:

வால்வு பற்றி நான் சொல்றேன், ஏன்னா பின் பிரேக்கோட சேர்த்துப் பேசினால்தான் அது புரியும்.

அட்ஜஸ்ட் பண்ணும் வால்வு பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க மட்டும்தான் செய்யும். கூட்டாது. முன் கேலிப்பரைப் பெரிசாக்கினால் பிரேக் பலம் முன்பக்கம் சாயும், பின் டிரம் தன் பங்கைச் செய்யாமல் நிற்கும். அந்த நிலைமையில் பின்னாடி இன்னும் குறைக்கும் வால்வை வாங்கி மாட்டுவது நேர் எதிர் வைத்தியம். முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், பின் டயர் சும்மா உருளும், வண்டி முன்னை விட அதிக தூரம் போய் நிற்கும். கேலிப்பர் மாற்றியவங்க "பெடல் நல்லா இருக்கு, ஆனா வண்டி நிற்கலை" என்று சொல்றதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பின்பக்கம் முதலில் லாக் ஆனால் மட்டும்தான் இந்த வால்வுக்கு வேலை. அப்போதும் கம்பெனி வைத்த பழைய வால்வு பின் லைனில் இருந்தால் இரண்டையும் வரிசையாக வைக்கக் கூடாது, ஒன்றுதான் இருக்கணும்.

அதனால பின் டிரம்மை ஒரிஜினல் பலத்துக்குக் கொண்டுவருவதுதான் உங்க வேலையில் பெரிய பாதி. இந்த வண்டியோட பின் டிரம் வெளியே அலுமினியம், துடுப்புகளோடு வார்த்தது, உள்ளே இரும்பு வளையம். சூட்டை நல்லா வெளியேற்றும், மதிப்பு தெரியாமல் சுத்தியலால் தட்டி உடைக்காதீங்க. கழற்ற வரலைன்னா டிரம் முகத்தில் இருக்கும் இரண்டு புரித்துளையில் எம்8 போல்ட் போட்டு மாறி மாறி அரை அரைச் சுற்றாக இறுக்குங்க, தானா வெளியே வரும். ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்கணும்.

உள் விட்டம் புதுசில் 228.6 மி.மீ. கடைந்து சரிபண்ணலாம், ஆனா 230 மி.மீ. தாண்டினால் போச்சு. ஷூ புதுசு போட்டால் டிரம் வளைவோட பொருந்துதா என்று சாக்கட்டி தடவிப் பாருங்க. நடு மட்டும் தொட்டால் கொஞ்ச தூரம் ஓட்டினால் படிஞ்சுடும். இரண்டு முனை மட்டும் தொட்டால் ஷூ வளைவு தப்பு, கத்தும், பிடிச்சுக்கும்.

இந்த மாடலில் பெரும்பாலானவங்க பார்க்காத இடம் வீல் சிலிண்டர். இது பின் தகட்டில் நிலையாக இறுக்கியது இல்லை. ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன், சிலிண்டர் உடம்பு தகட்டின் நீளத்துளையில் நழுவணும். பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளும், எதிர்விசையில் சிலிண்டரே நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். துருப்பிடிச்சு நழுவல் நின்னா ஒரு ஷூதான் வேலை செய்யும். வெளியே இருந்து பார்த்தால் கசிவு இல்லை, எல்லாம் சரி மாதிரித் தெரியும். சிலிண்டரைக் கழற்றி, தகட்டில் அது உராயும் விளிம்பைச் சுத்தம் பண்ணி, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் மெல்லிசா தடவி, தாங்கும் தகடுகளைத் திரும்ப ஒழுங்காக் கோர்த்து, கையால் தள்ளினால் நகருதா என்று பார்த்துட்டு மூடுங்க. கனடா உப்பு ரோட்டைப் பார்த்த வண்டின்னா இது கட்டாயம் இறுகியிருக்கும்.

ஒரிஜினல் வீல் சிலிண்டர் 7/8 இன்ச். 15/16 போட்டால் பின் பலம் 15 சதவீதம் கூடும். முன்பக்கம் ரொம்பக் கூடியிருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம், ஆனா அதே நழுவும் அமைப்பும் அதே ஹேண்ட் பிரேக் லீவரும் உள்ள சிலிண்டராகக் கிடைக்கணும். விட்டம் மட்டும் பார்த்து வேற வண்டிச் சிலிண்டர் வாங்கினால் தகட்டில் உட்காராது.

எல்லாம் பூட்டிய பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத காய்ந்த சமதளத்தில், 50 கி.மீ. வேகத்தில் இருந்து அழுத்தத்தைப் படிப்படியாக் கூட்டுங்க. வெளியே ஒருத்தர் தள்ளி நின்னு போனில் வீடியோ எடுக்கட்டும். முன் டயர் முதலில் லாக் ஆகணும், அதுக்கு மிகக் கிட்டத்தில் பின் டயர் இருக்கணும். பின் டயர் முதலில் லாக் ஆனால் வண்டி சுற்றிடும், அப்படியே ரோட்டுக்கு எடுக்காதீங்க.

---

மைக்ரோமீட்டர்:

மாஸ்டர் சிலிண்டர் பற்றி.

உங்கள் வண்டியில் இருப்பது 7/8 இன்ச், பரப்பு 388 சதுர மி.மீ. 280இசட்எக்ஸில் வரும் 15/16 இன்ச் 445 சதுர மி.மீ., அதே பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டும் பாகம்) போல்ட்டில் உட்காரும். வித்தியாசம் 15 சதவீதம். பெடல் சுமார் 13 சதவீதம் குறைவாக இறங்கும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் 15 சதவீதம் அதிகமாக மிதிக்க வேண்டும். முன் பிஸ்டன் பரப்பு 27 சதவீதம் கூடிய கேலிப்பர் என்றால் இது நல்ல ஜோடி. 3 சதவீதம்தான் கூடியது என்றால் கட்டை மாதிரி ஒரு பெடல்தான் கிடைக்கும், பிரேக் பிடிப்பது குறைந்தது போலத் தெரியும். 1 இன்ச் மாஸ்டர் 507 சதுர மி.மீ., 30 சதவீதம் அதிகம். உங்கள் வண்டிக்கு வேண்டாம்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும்: மாஸ்டர் அளவை மாற்றினால் முன் பின் பங்கீடு மாறாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அழுத்தம்தான் போகிறது. பங்கீட்டை மாற்றுவது கேலிப்பர் பிஸ்டன், வீல் சிலிண்டர், டிஸ்க் விட்டம், பேட் உராய்வு இவைதான். முன்பக்கம் மட்டும் கடிக்கும் பேட் வாங்கினாலும் பெரிய கேலிப்பர் போட்டதற்குச் சமம். அதனால் புதுக் கேலிப்பருக்குச் சாதாரண ரோடு பேட்டே போடுங்கள். ரேஸ் பேட் சூடேறாமல் கடிக்காது, ஸ்கார்பரோ சிக்னலில் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

மாஸ்டர் மாற்றினால் மூன்று இடத்தில் கவனம். முதலாவது, உடம்பில் எஃப், ஆர் என்று வார்ப்பில் எழுத்து இருக்கும். பழைய பைப் எந்த வாய்க்கு வந்ததோ அதே இடத்துக்கு என்று கண்ணை மூடி மாட்டாதீர்கள், எஃப் எழுத்துள்ள வாய் முன் கேலிப்பருக்குப் போக வேண்டும். பைப்பைப் புதிதாக வளைக்க வேண்டி வரலாம். டிரம்முக்கு என்று மிச்ச அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு உள்ள வாயில் டிஸ்க் பிரேக்கை இணைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, பூஸ்டரிலிருந்து வரும் தள்ளுகோல். புது மாஸ்டரின் பிஸ்டன் குழி ஆழம் பழையதைப் போலவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆழமானியில் இரண்டையும் அளந்து, கோலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளி, அரை மி.மீ. அளவில், இருக்குமாறு கோலைத் திருகுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் ஆயில் விரியும், போக இடமில்லாமல் பேட்டை அழுத்தும், அதனால் இன்னும் சூடேறும். பத்து நிமிட ஓட்டத்தில் நான்கு சக்கரமும் இறுகும். இடைவெளி அதிகம் என்றால் பெடல் தொடக்கத்தில் வெறுமனே இறங்கும்.

மூன்றாவது, மேசையில் வைத்தே மாஸ்டரில் காற்று எடுத்துவிட்டு மாட்டுங்கள். பிறகு பின் சக்கரங்கள், அதற்குப் பிறகு முன் சக்கரங்கள். பழைய மாஸ்டரையே வைத்துக்கொண்டால், காற்று எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்க வேண்டாம். இத்தனை வருடம் பிஸ்டன் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும், பிஸ்டனின் ரப்பர் கப்பு அதில் உரசிக் கிழியும். பெடலுக்குக் கீழ் ஒரு மரத்துண்டு வையுங்கள்.

பேட் படிய வைப்பது: 60 கி.மீ.-லிருந்து 15 வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டு பத்துத் தடவை, இடையில் அரை நிமிடம் ஓட விட்டு. முழுதாக நிறுத்தி, சூடான பேட்டை அழுத்திப் பிடிக்க வேண்டாம். அந்த இடத்தில் பேட் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பெடல் துடிக்கும். ஆட்கள் டிஸ்க் கோணிவிட்டது என்று நினைத்துக் கடையக் கொடுப்பார்கள். கடைசியில் பிரேக்கே தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள்.

---

எல்24_மஞ்சள்:

கேலிப்பர் வந்ததும் முதலில் பிஸ்டன் அளவு எடுத்துட்டு, பிறகுதான் மாஸ்டர் ஆர்டர் பண்றேன். பின் வீல் சிலிண்டர் இரண்டும் நகரவே இல்லை, சொன்னது சரி. இன்னும் ஒன்று: கேலிப்பர் போல்ட்டுக்கு லாக் தகடு பழையதில் இல்லை. திரவ லாக் பசை போட்டால் போதுமா?

---

வல்லிபுரம்_கராஜ்:

சுருள் வாஷரும் போல்ட்டும் நல்லா இருந்து இறுக்கமும் சரியா இருந்தால் கழராது. புரியில எண்ணெய் இல்லாமல் துடைச்சுப்போட்டு, கழட்டக்கூடிய நடுத்தர நீலப் பசை ஒரு துளி போடலாம். சிவப்புப் பசை வேண்டாம், அடுத்தமுறை கழட்டச் சூடு காட்ட வேண்டிவரும், பக்கத்தில ரப்பர் சீல் இருக்கு. இறுக்கி முடிய போல்ட் தலையில இருந்து ஸ்ட்ரட் காதுக்கு ஒரு பெயின்ற் கோடு கீறிவிடுங்கோ. 100 கிலோமீற்றர் ஓடின பிறகு சில்லுக் கழட்டிக் கோடு விலகியிருக்கோ எண்டு பாருங்கோ. அப்பவே ரெண்டு பேட்டின்ட தடிப்பையும் ஹோஸ் முனையில ஈரம் இருக்கோ எண்டதையும் சேர்த்துப் பாருங்கோ. மாத்தின விபரத்தைக் காப்புறுதிக்காரருக்கும் எழுதி அறிவிச்சுப்போடுங்கோ.